வாசகர் கேள்வி – பதில்: ஊரைக் கேட்கும் முன் அலுவலகம் மாற வேண்டும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, ஊரகக் குடிநீர்த் திட்டங்களில் மக்களின் பங்கேற்பைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ள ஆறு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி (ஓர் உதவிப் பொறியாளர், விழுப்புரம் மாவட்டம்): சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை ‘மக்கள் பங்கேற்பு’ என்று வருகிறது. கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, புகைப்படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. மக்களின் சொல்லைக் கேட்டுத் தன்னை மாற்றிக்கொண்ட அரசுத் துறை என்று ஒன்றாவது உண்டா?

உண்டு, அதற்கு நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்திலேயே அப்படியொரு முயற்சி நடந்திருக்கிறது. 1971இல் தொடங்கப்பட்ட அந்த வாரியம், சென்னை மாநகரம் நீங்கலாகத் தமிழகம் முழுவதற்கும் குடிநீர்த் திட்டங்களை வகுத்துக் கட்டித்தரும் பொறுப்பில் இருப்பது. ஆழ்துளைக் கிணறு போடுவது, மேல்நிலைத் தொட்டி கட்டுவது, குழாய் பதிப்பது, ஊராட்சியிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவது என்று அதன் நடைமுறை நெடுங்காலம் அமைந்திருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொடர்ந்து வந்த வறட்சியில் நிலத்தடி நீர் இறங்கி, கட்டிய திட்டங்களே வறண்டு நின்றபோது, இன்னும் ஆழமாகத் துளையிடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்ற கேள்வி வாரியத்துக்குள்ளேயே எழுந்தது.

2004இல் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி விபு நாயர், வழக்குரைஞர் வி. சுரேஷ் ஆகியோரின் முனைப்பில் வாரியத்துக்குள் ஒரு மாற்றக் குழு உருவாகி, நீர் மேலாண்மையை மக்களாட்சிப்படுத்துவது என்ற நோக்கோடு இயங்கியது. அந்த முயற்சியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, அவர்கள் தொடங்கிய இடம். ஊர்மக்களுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் கற்பிக்க அவர்கள் முதலில் போகவில்லை. பொறியாளர்களைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். ‘கூடம்’ என்று பெயரிட்ட அந்த அமர்வுகளில் மேடையும் தலைமை நாற்காலியும் கிடையா. மூத்த பொறியாளரும் இளைய பொறியாளரும் ஒரே வட்டத்தில் அமர்ந்து, பதவியை ஒதுக்கிவைத்துப் பேச வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு கோப்பும் படிப்படியாக மேலே ஏறி இறங்கும் ஒரு துறையில், மேலதிகாரியின் முன்னால் கீழ்நிலை அலுவலர் ‘நாம் கட்டிய திட்டம் ஏன் நின்றுபோயிற்று’ என்று வாய்திறந்து கேட்பது சிறிய காரியமன்று.

அந்த அமர்வுகளின் விளைவாகப் பொறியாளர்கள் கூடி உருவாக்கிய உறுதிமொழியே மறைமலைநகர்ப் பிரகடனம் எனப்படுகிறது. நீராதாரத்தைக் காப்பது, புதிதாகக் கட்டும் முன் இருப்பதைச் சீர்செய்வது, இதுவரை தண்ணீர் எட்டாதவர்களுக்கு முதலிடம் தருவது ஆகியவை அதன் உயிர்நாடி. அதன்பிறகே 145 கிராமங்களில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கே ஊர்க்காரர்களோடு சேர்ந்து திட்டமிட்டபோது, புதிய பெரிய திட்டத்தை விட்டுவிட்டுப் பழைய கிணற்றைத் தூர்வாருவது, நின்றுபோன அடிபம்பைப் பழுதுபார்ப்பது, குழாயை நீட்டுவது போன்ற செலவு குறைந்த வழிகளின் பக்கம் முடிவுகள் சாய்ந்தன. நீங்கள் சொல்லும் கையெழுத்துக் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மதிப்பீட்டிலேயே பார்க்கலாம். கூட்டத்துக்கு முன் தயாரித்த மதிப்பீடு, கூட்டம் முடிந்தபின் ஒரு வரியேனும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவே மாறாத மதிப்பீட்டோடு ஊருக்குள் போகும் துறை, கேட்பதற்காகப் போகவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், கோயம்புத்தூர்): குழாயின் விட்டமும் நீரேற்று அழுத்தமும் கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டியவை. கூட்டத்தில் கைதூக்கி முடிவுசெய்யக் கூடியவையா?

அல்ல, குழாயின் விட்டத்தை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் உங்கள் கணக்குக்குள் வராத செய்திகள் ஊரில் இருக்கின்றன. எந்தக் கிணறு சித்திரையில் உப்பேறும், எந்தத் தெரு மேடு, எந்த ஓடை மழைக்காலத்தில் குழாயை அறுத்துக்கொண்டு போகும் என்பவை வரைபடத்தில் இருப்பதில்லை.

ஓர் ஊரின் கடைசிக் குழாயை எடுத்துக்கொள்வோம். வீடுதோறும் குழாய்நீர் தருவதற்கான ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிட்டே தொட்டி கட்டப்பட்டிருக்கும். தொட்டி இயக்குபவர் காலையில் வால்வைத் திறக்கிறார். தொட்டிக்கு அருகிலுள்ள தெருவில் நாலைந்து வீடுகளில் குழாயோடு நேராக மின்மோட்டாரைப் பொருத்தி இழுக்கிறார்கள். ஊர்க்கோடியில், பெரும்பாலும் காலனியில், குழாயைத் திறந்தால் முதலில் காற்று வருகிறது, பிறகு கலங்கலாகக் கொஞ்சம் வருகிறது, குடம் பாதி நிறையும் முன் வால்வு மூடப்படுகிறது. பதிவேட்டில் அந்த வீடும் இணைப்புப் பெற்ற வீடுதான். பம்பின் குதிரைத்திறனைக் கூட்டினால் இது தீராது, முன்தெரு மோட்டார்களுக்கே கூடுதல் தண்ணீர் போகும். மோட்டாரை யார் கழற்றச் சொல்வது, கோடித் தெருவுக்கு முதலில் திறக்கும்படி வால்வின் முறையை மாற்றலாமா என்பவற்றை ஊர் கூடித்தான் தீர்க்க முடியும். வால்வு முறையை மாற்றினால் அழுத்தம் போதுமா என்பதற்கு உங்கள் கணக்கு வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பேசப்பட வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது.

கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பதும் பொறியாளர்கள் வகுத்த அளவுதான். அதை நாள்தோறும் சோதிக்க அலுவலகத்தில் ஆள் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி தரும் ஏற்பாடு இதனால்தான் நல்லது. ஆனால் அவர்கள் சோதித்துச் சொல்லும் முடிவை வாங்கி, அன்றே பிளீச்சிங் பவுடரின் அளவைத் திருத்த ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். அந்த மறுமுனை சரியாக அமையாவிட்டால் பயிற்சி வீண்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர், தஞ்சாவூர்): எங்கள் ஊர்க் கிராம சபைக்கு நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். இதை மக்கள் பங்கேற்பு என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது, ஆனால் அப்படி நடப்பதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்களில் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாக வந்தாக வேண்டிய குறைந்த அளவு எண்ணிக்கை, அதாவது குறைவெண், மக்கள்தொகைக்கு ஏற்ப உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். எண்ணிக்கையை நிரப்பியாக வேண்டிய அலுவலர், கைக்கு எட்டியவர்களை அழைத்து வருகிறார். பல குக்கிராமங்கள் சேர்ந்த ஊராட்சியில் கூட்டம் தலைமைக் கிராமத்தில் நடந்தால், எட்டியுள்ள குடியிருப்பின் பெண்கள் வேலையை விட்டு வருவதும் கடினம், வந்தாலும் அத்தனை பேர் நடுவில் எழுந்து பேசுவது அதைவிடக் கடினம்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கே கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டதால், அந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு உண்மையான பணமும் இருந்தது. 1998இல் வந்த குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் அயல்கூட்டங்களில் பெண்கள் தம் தேவையை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுச் சபைக்கு வர முடிந்தது. அங்கேயும் குறைகள் உண்டு, வருகை ஆண்டுக்காண்டு தேய்ந்த வார்டுகளும் உண்டு. ஆயினும் சிறிய கூட்டம், முன்பேச்சு, பகிர்ந்துகொள்ள நிதி ஆகிய மூன்றும் சேர்ந்தால் மக்கள் தாமாக வருகிறார்கள் என்பதை அந்த அனுபவம் காட்டியிருக்கிறது. உங்கள் ஊரில் உடனே செய்யக்கூடியது முன்பேச்சு ஒன்றே. மகளிர் குழுக் கூட்டத்தில் தெருவாரியாகத் தண்ணீர்க் குறையை எழுதி, சபையில் அதைத் தீர்மானமாகவே முன்வையுங்கள்.

கேள்வி (ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர், வேலூர் மாவட்டம்): மக்கள் பங்குத்தொகை என்று பத்து விழுக்காடு கேட்பது ஏழைகள்மேல் சுமை ஆகாதா?

ஊருக்குள் அமையும் கட்டுமானச் செலவில் பத்து விழுக்காடு என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் பொது விதி. மலை, வனப் பகுதிகளிலும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் அது ஐந்து விழுக்காடு. பணமாக மட்டுமன்றிப் பொருளாகவும் உடலுழைப்பாகவும் கொடுக்கலாம். இந்த எண்ணம் புதிதன்று. உங்கள் வேலூர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் 1999க்குப் பிந்தைய ஊரகக் குடிநீர்ச் சீர்திருத்தத்திலேயே இது இருந்தது. அப்போதும் இப்போதும் நேரும் தவறு ஒன்றே. திட்டத்தை அலுவலகம் முடிவுசெய்துவிட்டுப் பங்குத்தொகைக்கு மட்டும் ஊரைத் தேடி வருகிறது. சில இடங்களில் ஒப்பந்ததாரரே அதைக் கட்டிவிடுவதும் உண்டு. பிறகு குழாய் வெடித்தால் ஊர் ஏன் பொறுப்பேற்கும்? முடிவில் இடமில்லாத மக்களிடம் பங்குத்தொகை கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (அரசு அலுவலர் ஒருவர், மதுரை): நல்ல அதிகாரி இருக்கும்வரை மாற்றம் இருக்கிறது. அவர் இடமாற்றம் ஆனதும் எல்லாம் பழையபடி. இதற்கு என்ன செய்வது?

குடிநீர் வாரிய முயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அனைவரும் வந்து நிற்கும் இடம் இதுதான். அந்த அனுபவத்தின் ஒரு பகுதி 2007இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய பாசனச் சீரமைப்புத் திட்டத்துக்கு நகர்ந்தது. பொதுப்பணி, வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன்வளத் துறைகளை ஆற்றின் துணை வடிநிலம் ஒவ்வொன்றிலும் ஒருங்கே இயங்கச் செய்ய முயன்ற அத்திட்டத்துக்கு விபு நாயர் இயக்குநராக இருந்தார். ஆட்களோடு எண்ணம் பயணித்தது என்றே இதைச் சொல்ல வேண்டும். எல்லா அலுவலகங்களின் அன்றாட நடைமுறையாகவும் அது வேர்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

காரணம், ஒரு பொறியாளரின் வேலை எதைக்கொண்டு அளக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. மார்ச் 31க்குள் எவ்வளவு செலவானது, எத்தனை பணிகள் முடிந்தன என்பதே ஆய்வுக்கூட்டத்தில் கேட்கப்படும் கேள்வி. அளவுப் புத்தகத்தில் பதிய முடிவது மண்ணும் சிமெண்டும் குழாயும்தான். ஓர் ஊரில் இரண்டு மாலை உட்கார்ந்து பேசி, பதினைந்து லட்சத்துப் பணியை மூன்று லட்சத்துச் சீரமைப்பாக மாற்றிய பொறியாளருக்கு அப்புத்தகத்தில் இடமில்லை. செலவு குறைந்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்கவும் கூடும். ஆகவே அளவைத்தான் மாற்ற வேண்டும். ஒப்படைத்த திட்டங்களில் எத்தனை மூன்றாண்டுக்குப் பிறகும் ஓடுகின்றன, கோடிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பவற்றை ஆய்வுக்கூட்டத்தின் முதல் கேள்விகளாக்க ஓர் அரசாணை போதும். ஊரில் பேசும் நேரத்தையும் அலுவல் நேரமாகப் பணித்திட்டத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது ஆர்வமுள்ளவரின் சொந்த நேரத்தில் நடக்கும், அவர் போனதும் நின்றுபோகும்.

கேள்வி (விவசாயி ஒருவர், சிவகங்கை மாவட்டம்): எங்கள் ஊர்க் குடிநீர்க் குழுவில் நான் உறுப்பினர் என்கிறார்கள், என்னை எந்தக் கூட்டத்துக்கும் அழைத்ததில்லை. தீர்மானப் புத்தகத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுதுங்கள். முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். குழு அமைக்கப்பட்ட தீர்மானம், உறுப்பினர் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், ஊருக்கான செயல்திட்டம், பங்குத்தொகை செலுத்திய ரசீது ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். இச்சட்டத்தின் பிரிவு 2(j)யில், பணி நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும் பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை தரப்பட்டிருக்கிறது. குழாய் பதித்த ஆழத்தில் உங்களுக்கு ஐயம் இருந்தால் அதையும் அதே மனுவில் சேர்த்து எழுதுங்கள். விடை வராவிட்டாலோ நிறைவாக இல்லாவிட்டாலோ முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.