யோகாசனத்தைத் தொடங்கியவர்கள் தொடர்வது எதனால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 அன்று, யோகா தினத்தை ஒட்டி, எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பெருங்கூட்டமாகப் பயிற்சியைத் தொடங்குகிறோம். சாரல் காலம் முடிவதற்குள் நாலைந்து பேர்தாம் எஞ்சுகிறார்கள். சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. இருந்தும் பயிற்சி நிலைக்கவில்லை. விடாமல் செய்கிறவர்களை எது செய்ய வைக்கிறது?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், செங்கோட்டை

பதில்: ஐயா, ஒருவரைப் பாயில் கொண்டுவந்து உட்கார வைக்கும் காரணமும், அவரை அங்கேயே நிலைக்க வைக்கும் காரணமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவில் யோகா பயில்வோரிடமும் கற்பிப்போரிடமும் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது. உடற்பயிற்சி, மன இறுக்கம் தணிதல் ஆகியவற்றுக்காகத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர், காலப்போக்கில் தங்கள் முதன்மைக் காரணம் மாறிவிட்டதாகவும், ஆன்மிக நிறைவே இப்போது முன்னிற்பதாகவும் கூறினார்கள். பயிற்சியை விட்டவர்களை நான் கவனித்த அளவில், அவர்களிடம் இந்த மாற்றம் நிகழ்வதற்குள் முதற்காரணம் வலுவிழந்து போயிருக்கும்.

தாங்கள் சொல்லும் சர்க்கரைக் கவலையையே எடுத்துக்கொள்வோம். அச்சம் ஒருவரை எழுப்பிவிடும். ஆனால் நாள்தோறும் எழுப்பாது. சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைத்தான் காட்டும் என்பதால், இன்று காலை செய்த பயிற்சிக்கான பலனைத் தாங்கள் பல வாரங்கள் காத்திருந்துதான் தாளில் பார்க்க முடியும். அந்த எண் சற்றுக் குறைந்துவிட்டாலோ அச்சமும் குறைந்துவிடுகிறது. அதை நம்பி நின்ற பயிற்சியும் அதனுடன் போய்விடுகிறது. நிலைத்துச் செய்கிறவர்கள் அன்றன்றைக்குக் கிடைப்பதைக் கவனிக்கப் பழகியிருக்கிறார்கள். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிந்தது, மாடிப்படி ஏறியபோது மூச்சு வாங்கவில்லை, இரவில் படுத்ததும் உறக்கம் வந்தது, பேரப்பிள்ளையிடம் எரிந்து விழாமல் இருக்க முடிந்தது என இவை சிறியனவாகத் தோன்றினாலும், மறுநாள் பாயை விரிக்க வைப்பவை இவைதாம். ஆகவே பயிற்சிக்கு முன் ஒரு நிமிடமும் இறுதியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்துக்குப் பின் ஒரு நிமிடமும் உடல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பலர் சவாசனத்தைச் சுருக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். பலனை உணர்வதற்கான இடத்தையே அவர்கள் வெட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

சாரல் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று லண்டனில் 96 பேரிடம் ஆராய்ந்தபோது, சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாளும், சராசரியாக 66 நாளும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்களை விட உடற்பயிற்சிப் பழக்கத்துக்குக் கூடுதல் காலம் பிடித்தது. ஜூன் 21 முதல் எண்ணினால் 66ஆம் நாள் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வருகிறது. அதாவது, பழக்கம் வேர்பிடிக்கும் முன்பே, போர்வையை விட்டு எழ மனமில்லாத அந்த ஈரக் காலையில் தங்கள் ஊர்க் கூட்டம் கலைந்துவிடுகிறது. அதே ஆய்வு, ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை என்றும் கண்டது. எனவே தவறிய நாளுக்காகக் குற்ற உணர்வு கொள்ளாமல், அடுத்த நாள் அதே நேரத்தில் அதே இடத்தில் உட்காருங்கள். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யும்போதுதான் பயிற்சி உறுதியான நிலத்தில் நிற்கும் என்று யோக சூத்திரம் தந்த பதஞ்சலி கூறுகிறார். அந்த மதிப்பு என்ற மூன்றாவது நிபந்தனையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். எஞ்சும் நாலைந்து பேரைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒருவர் வராவிட்டால் மற்றொருவர் தொலைபேசியில் விசாரிப்பார் என்றால், சாரலிலும் வகுப்பு நடக்கும்.

கேள்வி: அம்மா, விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறேன். திரும்பும்போது இடுப்பு விட்டுப்போகிறது. தினமும் ஒரு மணி நேரம் ஆசனம் செய்தால்தான் பலன் என்கிறார்கள். என்னால் தொடர முடியவில்லை. எனக்கு மனஉறுதி போதாது என்று நாத்தனார் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, கம்பம்

பதில்: உண்மையில்லை, சகோதரி. இருட்டில் எழுந்து சமைத்து வைத்துவிட்டு மலையேறிப் போகிறவருக்கு மனஉறுதி போதாது என்று யாரும் சொல்லக் கூடாது. தங்களுக்குப் போதாதது நேரம். இருக்கும் நேரத்துக்குப் பொருந்தாத பயிற்சியைக் கொடுத்தவர்களிடம்தான் குறை இருக்கிறது. யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) சென்னையில் கற்பித்த காலத்தில், வந்தவரின் வயது, உடல்நிலை, தொழில் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி வகுத்தார். அந்த முறையில் பார்த்தால், ஏலச் செடியின் தூரருகே தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய் எடுக்க நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் இருந்த உடலுக்கு மேலும் குனியும் ஆசனம் தேவையில்லை.

பத்து நிமிடம் போதும். வீடு திரும்பிக் குளித்ததும், தேநீர் குடிப்பதற்கு முன் செய்யுங்கள். குளியல் எப்படியும் நடக்கும் என்பதால் பயிற்சியை அதனுடன் இணைத்துவிட்டால் தனியாக நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. மகராசனத்தில் சற்று நேரம் குப்புறப் படுத்திருங்கள். பிறகு முழங்கை தரையில் இருக்க, தலையையும் மார்பையும் மட்டும் உயர்த்தும் தாழ்ந்த புஜங்காசனம் மூன்று நான்கு முறை செய்து, மீதி நேரத்தைச் சவாசனத்துக்குக் கொடுங்கள். நாட்பட்ட இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன்பாக முயன்று பார்க்கத்தக்கவற்றில் ஒன்றாக யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2017இல் பரிந்துரைத்தது. வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப் போனாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஒன்று சொல்வேன்: இதைத் தங்களுக்கான நேரம் என்று வீட்டில் அறிவித்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருப்பதே, வலி குறைவதை விடவும் வலுவான காரணமாகிவிடும் என்பதைப் பல பெண்களிடம் கண்டிருக்கிறேன்.

கேள்வி: ஆழியாற்றில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற யோகப் பயிற்சியைப் பயின்று சில ஆண்டுகளாக விடாமல் செய்து வருகிறேன். என் வீட்டுக்காரரையும் செய்ய வைக்க எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். வழி உண்டா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சொல்வதை நிறுத்துவதுதான் முதல் வழி. தானாக விரும்பிச் செய்கிறோம் என்ற எண்ணம், நம்மால் முடிகிறது என்ற நம்பிக்கை, உடன் சேர்ந்தவர்களின் பிணைப்பு ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில் ஊக்கம் நிலைக்கும் என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற உளவியலாளர்கள் விளக்கியுள்ளனர். வற்புறுத்தினால் முதலாவதே கெட்டுவிடுகிறது. நெசவுத் தொழில் செய்து வாழ்ந்த வேதாத்திரி மகரிஷி, குடும்பத்தில் இருப்பவர்களும் செய்யும்படி எளிய உடற்பயிற்சிகளை வகுத்தது தங்களுக்குத் தெரியும். அவற்றில் கைப்பயிற்சி ஒன்றை மட்டும், தோள் வலிக்கிறது என்று தங்கள் வீட்டுக்காரரே சொல்லும் நாளில், கேட்டால் காட்டிக் கொடுங்கள். அதன் பிறகு எதையும் சேர்க்க வேண்டாம். அடுத்ததை அவரே கேட்கட்டும்.