சிங்கப்பூர் அரசு வீடுகளில் இன விகிதம் எதற்கு?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) என்ற அரசு அமைப்பு கட்டும் அடுக்குமாடிகளில் ஒரே இனத்தவர் குவிந்துவிடாமலிருக்க 1989-இல் வந்த உச்சவரம்பு இது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

விட்டால் அவரவர் உறவினர் பக்கமே வீடு தேடுவார்கள். ஹவ்காங் வட்டாரத்தில் சீனர்களும் ஈசூன் வட்டாரத்தில் இந்தியர்களும் அப்படித்தான் சேர்ந்தார்கள். இனவாரியாகத் தனித்தனிக் குடியிருப்புகளானால் பள்ளியும் கடையும்கூடப் பிரிந்துவிடும். முகம் தெரியாதவர்மீது வெறுப்பு எளிதில் வளரும். கூட்டாளிகளை ஆசிரியர் வெவ்வேறு பெஞ்சில் உட்காரவைப்பதைப் போன்ற ஏற்பாடு.

இதற்கு விலையும் உண்டு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைந்து, விலையும் இறங்கும். என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான்.

சிறுபான்மையினருக்கு மட்டுமே தடை என்று பலர் நினைக்கிறார்கள். சீனருக்கும் வரம்பு உண்டு. விற்பவரும் வாங்குபவரும் ஒரே இனமென்றால் தடையே இல்லை.