வாக்குத்தத்த அட்டையும் வளைகுடா வேலையும்

கேள்வி: அய்யா, எனக்கு வயது 34. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வசூல் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 21,000. தினமும் காலையில் ஒரு அதிகாரம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆனால் பைக்கை ஸ்டார்ட் பண்ணியதுமே வாசித்தது மறந்துபோகிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எனக்கு வந்த வசனம் ஏசாயா 43:19, "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன்." பிப்ரவரியில் துபாயில் ஒரு கிடங்கு வேலை வந்தது. மூன்று மடங்கு சம்பளம், இரண்டு வருஷ ஒப்பந்தம். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்தால்தான் முடியும். அம்மா எங்களோடு இருக்கிறார்கள். சர்க்கரை, மூட்டு வலி. மனைவிக்கு நான் போவதில் விருப்பமில்லை. ஆலயத்தில் தெரிந்தவர்களோ, "வசனமே வந்துவிட்டது, இன்னும் என்ன யோசனை?" என்கிறார்கள். வேதத்தின்படி முடிவெடுப்பது எப்படி?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. துபாய்க்குப் போகலாமா என்பதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். பைக்கை ஸ்டார்ட் பண்ணியதும் மறந்துபோகிறது என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. ஆனாலும் நீங்கள் கேட்ட வரிசையிலேயே வருகிறேன்.

முதலில் அந்த அட்டை. ஏசாயா 43-ஐ அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் முழுதாக வாசியுங்கள். 5, 6 வசனங்களில் கிழக்கிலும் மேற்கிலும் சிதறிக் கிடக்கிற பிள்ளைகளைக் கூட்டிச் சேர்ப்பேன் என்கிறார். 14-ஆம் வசனத்தில் பாபிலோன் வருகிறது. எருசலேம் இடிக்கப்பட்டு, ஜனங்கள் சிறைப்பட்டுப் போன கதை அது. வனாந்தரத்திலே வழி உண்டாக்குவேன் என்று சொல்வது, அந்நிய தேசத்தில் இருக்கிறவர்கள் வீடு திரும்பும் வழியை. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குச் சொன்ன வார்த்தையை வைத்துத்தான் உங்களை விமானம் ஏறச் சொல்கிறார்கள்!

உடனே, அப்படியானால் போகக் கூடாது என்று வேதம் சொல்கிறது என முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் அதே தவறுதான். அந்த வசனம் உங்கள் விசாவைப் பற்றிப் பேசவே இல்லை. கைவிட்டார் என்று நினைத்த ஜனத்தைக் கடவுள் கைவிடவில்லை என்று பேசுகிறது. துபாயில் இருந்தாலும் சாத்தான்குளத்தில் இருந்தாலும் அது உங்களுக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அதை வைத்து டிக்கெட் போட முடியாது.

வாக்குத்தத்த அட்டையையே நான் குறை சொல்லவில்லை. என் வீட்டு அலமாரியிலும் பழைய அட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. நாளுக்கொரு வசனத்தைச் சீட்டில் எடுக்கும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர்களில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட் ஊர் மொராவியச் சபையார் முக்கியமானவர்கள். 1728-இல் அங்கே வீடு வீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்; 1731-க்கான வசனங்களைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். அன்றைக்கு முழுக்க மனதில் அசைபோட ஒரு வசனம், அவ்வளவுதான் நோக்கம். அதே சபையார் ஒரு காலத்தில் கல்யாணத்துக்குக்கூடச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அவர்களே அதை விட்டுவிட்டார்கள்.

"அகஸ்தீன் வேதத்தைத் திறந்தார், வசனம் வந்தது, மனந்திரும்பினாரே" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். 386-இல் மிலான் நகரத்துத் தோட்டத்தில் அவர் திறந்தது ரோமர் 13. ஆனால் அவர் அங்கே கண்டது புதிய தகவல் அல்ல. விட்டுவிட வேண்டிய வாழ்க்கை எது என்று அவருக்குப் பல மாதங்களாகவே தெரியும். தெரிந்ததைச் செய்யும் தெம்புதான் அன்றைக்கு வந்தது. உங்களுக்கோ இன்னும் தெரிய வேண்டிய விஷயங்களே பாக்கி இருக்கின்றன.

அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் யூதாஸின் இடத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுப் போடுகிறார்கள். 15-ஆம் அதிகாரத்தில் அதைவிடப் பெரிய சிக்கல் வருகிறது: யூதரல்லாதவர்களை என்ன நிபந்தனையோடு சபையில் சேர்ப்பது? அங்கே சீட்டு இல்லை. மிகுந்த தர்க்கம் நடக்கிறது. பேதுரு தன் அனுபவத்தைச் சொல்கிறார், பவுலும் பர்னபாவும் நடந்ததைச் சொல்கிறார்கள், யாக்கோபு ஆமோஸ் தீர்க்கதரிசியின் வார்த்தையை எடுத்து வைக்கிறார். எல்லாம் முடிந்து எழுதிய கடிதத்தில் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்கிறார்கள். "எங்களுக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பேசி, கேட்டு, வாதாடி எடுத்த முடிவையும் ஆவியானவரின் முடிவு என்று சொல்ல அவர்கள் கூச்சப்படவில்லை. உங்கள் விஷயத்தில் அந்த "எங்களுக்கும்" என்பதில் முதல் ஆள் உங்கள் மனைவி. அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா?

அம்மா விஷயத்தில் 1 தீமோத்தேயு 5:8-ஐ யாராவது உங்களுக்கு நீட்டியிருப்பார்கள். தன் வீட்டாரை "விசாரியாமற்போனால்" அவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிற வசனம். அங்கே விசாரிப்பது என்றால் போனில் நலம் விசாரிப்பது இல்லை. பழைய தமிழில் விசாரித்தல் என்றால் பொறுப்பேற்றுப் பராமரிப்பது. நம் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வந்தது. அதன் அழகில் எனக்குப் பெரிய பற்று உண்டு. ஆனால் முடிவெடுக்கும் விஷயங்களில் பக்கத்தில் ஒரு புதிய மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். 1995-இல் வந்த திருவிவிலியம் போதும். கத்தோலிக்கர் படிப்பது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நம் புராட்டஸ்டன்ட் ஆட்களும் சேர்ந்து மொழிபெயர்த்ததுதான். இந்த வசனம் உங்களைப் போகாதே என்று கட்டிப்போடவில்லை. பணம் அனுப்புவதும் பராமரிப்புத்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினால் யார் ஆட்டோ பிடிப்பது என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போ என்கிறது.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானோ என்று லூக்கா 14-இல் இயேசு கேட்கிறார். சீஷத்துவத்தைப் பற்றிச் சொன்ன உவமைதான், ஆனால் கணக்குப் பார்ப்பதைப் புத்தியுள்ள செயலாகவே அவர் எடுத்துக்கொள்கிறார். நீங்களும் பாருங்கள். மத்திய அரசில் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். உங்களிடம் கேட்பது ஒன்றரை லட்சம். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். மீதிப் பணம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். அவர் மழுப்பினால் விஷயம் அங்கேயே முடிந்தது. அதற்கு மேல் உபவாசம் இருந்து ஜெபிக்க வேண்டியதில்லை. இதெல்லாம் உலகப்பிரகாரமான பேச்சு என்று சொல்கிறவர்களிடம் நீதிமொழிகளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஜாமீன் கையெழுத்து, சோம்பேறியின் தோட்டம், தராசு என்று பாதிக்குப் பாதி இந்தப் பேச்சுத்தான்.

தராசு என்றதும் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேதபாடம் நடத்துவதற்கு முன்பு நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். கடையை வேறொருவரிடம் வாங்கியபோது தொங்கு தராசும் சேர்ந்தே வந்தது. சரக்கு வைக்கும் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தது. சுண்டைக்காய் அளவு இருக்கும், பத்துப் பன்னிரண்டு கிராம். முதல் வாரத்திலேயே பார்த்துவிட்டேன். நான் ஒட்டவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வருஷம் அப்படியே நிறுத்தேன். அந்த மூன்று வருஷமும் தினமும் வேதம் வாசித்தேன்.

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனமாக நீதிமொழிகள் 11:1 வந்தது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." ஒரு பையன், சுமுத்திரை என்றால் என்ன என்று கேட்டான். எடைக்கல்லின் அடியில் ஈயத்தை ஊற்றி, அவ்வப்போது முத்திரை ஆய்வாளர் குத்துவாரே, அந்த மாதிரி ஒழுங்கான முத்திரை என்று விளக்கினேன். "உங்க கடைக் கல்லுல இருக்கா சார்?" என்றான். கல்லில் இருந்தது. திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பு கத்தியை எடுத்துத் தட்டைச் சுரண்டினேன். காய்ந்து இறுகிப்போயிருந்தது, வெந்நீர் ஊற்ற வேண்டியதாயிற்று.

அந்த வசனம் எனக்கு அதற்கு முன்பே மனப்பாடம். ஆனால் கடையில் எந்தப் பொருளின் மேல் அதை வைக்க வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. உங்கள் பைக் விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன். காலையில் வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கு என்ன ஆசீர்வாதம் என்று தேடுகிறீர்கள். இன்றைக்கு எந்த வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள்.

உங்கள் தொழிலுக்கென்றே வேதத்தில் ஒரு பகுதி இருக்கிறது. உபாகமம் 24. திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது. அது அவன் ஜீவனையே அடகு வாங்குவது போல என்கிறது ஆறாம் வசனம். மாவரைத்துச் சாப்பிடும் கருவி அது. இன்றைக்கு ஒரு தையல்காரம்மாவின் மிஷினையோ, சவாரிக்குப் போகும் ஆட்டோவையோ அங்கே வைத்து வாசித்துப் பாருங்கள். 10, 11 வசனங்கள் இன்னும் நேராக உங்களிடம் பேசுகின்றன. கடன் கொடுத்தவன் அடகை வாங்கக் கடன்காரனின் வீட்டுக்குள் போகக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். அவனே அதை வெளியே கொண்டுவந்து தருவான். கொடுத்தவனுக்கு உரிமை இல்லை என்று சொல்லவில்லை, அடகு வாங்கலாம். ஆனால் வாசற்படியைத் தாண்டாதே, அவன் பெண்டாட்டி பிள்ளை முன்னால் அவன் வீட்டில் அவனே எஜமானாக இருக்கட்டும் என்கிறது. ஏழையாக இருந்தால், அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாயும்போது திருப்பிக் கொடுத்துவிடு, அவன் போர்த்திக்கொண்டு தூங்கட்டும் என்றும் சொல்கிறது. தவணை வாங்கப் போகிறவன் எங்கே நிற்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து எழுதிய சட்டம்.

நம் ரிசர்வ் வங்கியே 2022 ஆகஸ்டில், நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கடன்காரரைக் கூப்பிடக் கூடாது, மிரட்டவோ பொது இடத்தில் அவமானப்படுத்தவோ கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருக்கிறது. உங்கள் மேலாளர் டார்கெட் என்று நெருக்கும்போது வசனத்தைச் சொன்னால் சிரிப்பார். சுற்றறிக்கையைச் சொல்லுங்கள், அது அவருக்குப் புரியும். வசனம் உங்களுக்கு இருக்கட்டும்.

அதே நேரம், பாவப்பட்டவர்கள் என்று வசூலிக்காமல் வந்துவிடச் சொல்லவில்லை. கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனை 37-ஆம் சங்கீதம் துன்மார்க்கன் என்கிறது. வசதி இருந்தும் டிமிக்கி கொடுப்பவர் யார், புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் யார் என்று உங்களுக்கு முகம் பார்த்தாலே தெரியும். இத்தனை நாள் அனுபவத்தில் வராத விவேகமா?

நடைமுறைக்கு ஒன்று. அங்கொன்றும் இங்கொன்றுமாக அதிகாரம் எடுக்காமல் ஒரே புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். உபாகமமே ஆகட்டும், 34 அதிகாரம், ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட. வாசித்து முடித்ததும் வசூல் பட்டியலை எடுத்து, அன்றைக்குப் பார்க்கப் போகிற மூன்று பேரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயர் சொல்லி ஜெபித்த ஆளின் வீட்டு வாசலில் நின்று கத்துவது கொஞ்சம் கஷ்டம். எனக்கு வேறு எந்த உத்தியும் இவ்வளவு வேலை செய்ததில்லை. சில நாள் வறட்டு அதிகாரம் வரும், எதுவும் ஒட்டாது. பரவாயில்லை, தாண்டிப் போங்கள்.

சரி, துபாய்? இந்த வேலையில் மனசாட்சி உறுத்துவதால்தான் ஓடப் பார்க்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தவறாகவும் இருக்கலாம். ஒரு மாதம் வாசலுக்கு வெளியே நின்று வசூல் பண்ணிப் பாருங்கள். டார்கெட் விழுகிறதா, மேலாளர் என்ன செய்கிறார், உங்களுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வருகிறது என்று பாருங்கள். அதற்குள் ஏஜென்டின் பதிவு எண்ணும் தெரிந்துவிடும். மனைவியோடும் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். அப்போதும் போகலாம் என்று இருவருக்கும் தோன்றினால், நகையை அடகு வைக்காமல் போக வழி இருந்தால், போய் வாருங்கள். வசனம் வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஏஜென்ட் இந்த வாரமே முன்பணம் கட்டச் சொன்னால் மட்டும் கட்டாதீர்கள்.