காசு கட்டிய ஒன்பது பேர் யார்?

கேள்வி: தினமும் காலையில் பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் மீன் விலையையும் காற்று நிலவரத்தையும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறேன். இலவசமாக இருந்தபோது நானூறு பேர் கேட்டார்கள். மாதம் 99 ரூபாய் என்றதும் ஒன்பது பேர்தான் கட்டினார்கள். நம் ஆட்கள் நெட்டில் எதற்குமே காசு தர மாட்டார்களா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தருவார்கள் தம்பி. மாதம் தவறாமல் செல்லுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற ஊர்தானே. ஆனால் அந்த ஒன்பது பேர் யாரென்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

காற்று, அலை நிலவரத்தை ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் சும்மாவே தருகிறது. அதற்கு யார் காசு கட்டுவார்? கட்டினாலும் வாங்காதீர்கள். 1964ல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த கரை இது. புயல் சேதியைப் பூட்டிவைத்து விற்க வேண்டாம்.

மிச்சம் விலைதான். அது படகுக்காரருக்குப் பிரயோசனம் என்று நினைத்துவிட்டீர்கள். பாம்பனில் நண்டு கிலோவுக்கு முப்பது ரூபாய் கூடப் போகிறது என்று தெரிந்து மண்டபத்துக்காரர் என்ன செய்வார்? வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்குத்தானே போட்டாக வேண்டும். வயிறெரிய 99 ரூபாயா? மதுரையிலிருந்து வண்டி அனுப்புகிறவருக்கோ அதே விலை பணம். எந்தக் கரைக்கு வண்டியை விடுவது என்று விடியுமுன் முடிவு பண்ணியாக வேண்டும். தப்பினால் டீசலும் ஐஸும் தண்டம். என் மச்சான் ஏர்வாடியில் மீன் எடுக்கிறவர். டீக்காசு கொடுக்கவே பக்கத்து ஆளைப் பார்ப்பார், கரை விலைக்கு மட்டும் நாலு பேருக்குப் போன் போட்டபடி இருப்பார். உங்கள் ஒன்பதில் பாதியாவது இந்த ரகம்தான் என்பது என் கணிப்பு. கூப்பிட்டுக் கேளுங்கள்.

மாதக் கட்டணத்தையும் விடுங்கள். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். மே மாதம் எந்த விலையைச் சொல்லிக் காசு கேட்பீர்கள்? மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கிற யுபிஐ ஆட்டோபே வைத்தாலும் பணம் பிடிக்க 24 மணி நேரம் முன்பே தகவல் போய்விடும். படகு கட்டிக்கிடக்கையில் அதைப் பார்த்தவர் உடனே ரத்து செய்துவிடுவார். தடை முடிந்து படகு கிளம்பும்போது, பருவத்துக்கு ஒரே தொகையாகக் கேளுங்கள். ஆயிரத்துக்கு மேலேயே சொல்லலாம். வியாபாரி பேரம் பேசினால் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். ஆப் எதுவும் வேண்டாம், க்யூஆர் அட்டை போதும்.

படகுக்காரர்களுக்குப் பழையபடி இலவசமாகவே போகட்டும். கரையிலிருந்து உங்களுக்கு விலை சொல்வதே அவர்கள்தானே, அவர்களைப் பகைத்துக்கொண்டு எதை விற்பீர்கள்?