விற்றவர் வாய்ச்சொல்லுக்கும் பொறுப்பு உண்டு

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு வியாபாரி அசல் கோரோசனை (மாட்டின் பித்தப்பைக் கல்) என்று சொன்னதை நம்பி, 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாட்டு மருந்துக் கடையில் காட்டியபோது போலி என்றார்கள். திரும்பப் போய்க் கேட்டால், “அசல் என்று நான் எழுதியா கொடுத்தேன்?” என்கிறார். (கோவிந்தாபுரம் வாசகர்)

பதில்: உங்களிடம் அந்த வியாபாரி சொன்ன அதே வாதம் 1603-இல் இங்கிலாந்தில் வென்றது. சாண்டலர் என்ற பொற்கொல்லர், அசைபோடும் விலங்கின் வயிற்றில் விளைந்து விஷத்தை முறிக்கும் என்று அக்காலத்தார் நம்பிய பெசோவார் கல் என்று சொல்லி, லோபஸ் என்பவருக்கு ஒரு கல்லை நூறு பவுண்டுக்கு விற்றார். அது போலி என்று லோபஸ் வழக்குத் தொடுத்தார். ‘பெசோவார்’ என்று வாயால் சொன்னது போதாது, உறுதியளித்து விற்றதாக வழக்கில் சொல்லப்படவில்லை என்று கூறி மேல் மன்றம் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தது. ‘வாங்குபவரே விழிப்பாயிருக்க வேண்டும்’ என்ற கொள்கை இப்படித்தான் வேரூன்றியது. நம் நாட்டின் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும் அதையே பொது விதியாக வைத்து, பிறகுதான் விலக்குகளைச் சொல்கிறது. மரத்தையோ மருந்தையோ மணியையோ பார்த்துத் தரம் சொல்லும் பயிற்சி விற்பவருக்குத்தான் உண்டு. அது இல்லாதவர் தலையில் முழுப் பொறுப்பையும் சுமத்துவது அநியாயம் என்பதை நான் இப்பகுதியில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது.

என் அனுபவமும் இதுதான். நிலம்பூர்த் தேக்கு என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிக் கட்டில் வாங்கினேன். இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு கால் உளுத்துப் பொடி கொட்டியது. அடிப்பக்கத்தை ஆணியால் கீறிப் பார்த்தபோது, மெருகுப் பூச்சுக்குக் கீழே பஞ்சு போன்ற வெள்ளை மரம் தெரிந்தது. பில்லில் ‘மரக்கட்டில் 1’ என்று மட்டுமே இருந்தது.

ஆனால் நீங்கள் மனம் தளர வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றி எழுத்தில் மட்டுமல்ல, வாயால் பொய் சொல்லி விற்பதையும் முறையற்ற வணிகம் என்றே கொள்கிறது. உடன் வந்தவரின் சாட்சியத்தையும் மருந்துக் கடைக்காரரின் கருத்தையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு முறையிடுங்கள்.

கேள்வி: கடை பொள்ளாச்சியில், நான் கேரளத்தில். மிக்ஸி எட்டே நாளில் புகைந்துவிட்டது. வழக்குக்காக எல்லை தாண்டி அலைய வேண்டுமா? (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: வேண்டாம். நீங்கள் வசிக்கும் பாலக்காடு மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யுங்கள். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

கேள்வி: குளிர்பானப் பாட்டிலில் பூச்சி கிடந்தது. வாங்கித் தந்தவர் என் தோழி. எனக்கு உரிமை உண்டா? (மீனாட்சிபுரம் வாசகி)

பதில்: உண்டு. 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் மே டோனஹ்யூ என்ற பெண் குடித்த இஞ்சிப் பானத்தையும் அவருடைய தோழிதான் வாங்கித் தந்தார். உள்ளிருப்பது தெரியாத கறுத்த பாட்டில் அது. மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது என்பது அவருடைய புகார். காசு கொடுத்தவர் அவரல்லர் என்பதால் ஒப்பந்தத்தின்படி அவருக்கு வழியே இல்லை. ஆயினும் 1932-இல், அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, தயாரிப்பாளர் கடைசியாகக் குடிப்பவருக்கும் பொறுப்பானவர் என்று மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நத்தை இருந்ததா என்பது விசாரணையில் நிரூபிக்கப்படவே இல்லை, தீர்ப்பு நிலைத்துவிட்டது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்று நம் சட்டமும் சொல்கிறது. பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள், மூடியோடு அப்படியே வைத்திருங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் 900 ரூபாய் குறைத்தார்கள். போன் இப்போது உயிர்பெறவில்லை. என்ன செய்யலாம்? (சித்தூர் வாசகர்)

பதில்: ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன், ஊர் என்ற மெசபடோமிய நகரத்தில் மட்டமான செம்பைக் கொடுத்த வணிகர் ஏயா-நாசிருக்கு, நன்னி என்பவர் களிமண் பலகையில் புகார் எழுதினார், அது இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களோ உங்கள் சான்றை 900 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள். கைபேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள்.