சட்ட நிறுவனத்தில் அறிவுப் பகிர்வுக்கு எந்த மென்பொருள் நல்லது?

கேட்டவர் நடுத்தர அளவு லா ஃபர்ம் ஒன்றில் இருக்கிறார். உள்ளுக்குள் ஒரு விக்கி (எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கங்கள்) ஆரம்பித்தார்களாம், மூன்று மாதத்தில் ஈ ஓட்டும் நிலைக்கு வந்துவிட்டதாம், இப்போது வேறு மென்பொருளுக்கு மாறலாமா என்று கேட்கிறார். இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் லைப்ரரியனாகச் சில வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மென்பொருளை விடுங்கள், முதலில் உங்கள் டைம் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்.

மணிக்கணக்கில் பில் போடும் பல நிறுவனங்களில் நேரத்தை ஆறு ஆறு நிமிடத் துண்டுகளாக எழுதுவார்கள். ஒரு வக்கீல் தான் எழுதிய நல்ல ஒப்பந்தம் ஒன்றை மற்றவர்களுக்கு உதவும்படி போட்டுவைக்க வேண்டுமானால் கட்சிக்காரர் பெயர், தொகை எல்லாவற்றையும் நீக்கி, இந்த ஷரத்தை ஏன் இப்படி எழுதினோம் என்று நாலு வரி சேர்க்க எப்படியும் அரை மணி நேரம் ஆகும். அதாவது ஐந்து துண்டுகள். அதை யார் கணக்கில் எழுதுவது? யார் கணக்கிலும் எழுத முடியாது. வருடக் கடைசியில் மேலே இருப்பவர்கள் மணிக்கணக்கைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எந்த ஜூனியர் அதில் கை வைப்பார்? சோம்பல், சுயநலம் என்றெல்லாம் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

நூலகங்கள் இதில் வேறு மாதிரி. ஒரு புத்தகத்துக்கு கேட்லாக் பதிவு எழுதுவது அங்கே அன்றாட வேலை, பகிர்வு அந்த வேலையிலேயே தானாக விழுந்துவிடுகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அச்சடித்த கேட்லாக் அட்டைகளை 1901லேயே மற்ற நூலகங்களுக்கு விற்க ஆரம்பித்தது. ஒஹாயோ மாநிலக் கல்லூரிகள் 1967ல் சேர்ந்து தொடங்கிய ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு, 1971ல் அதைக் கணினி இணைப்புக்குக் கொண்டுபோனது: ஒரு நூலகம் பதிவு எழுதினால் போதும், மற்றவை எடுத்துக்கொள்ளலாம். யாரும் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தனியாகப் ‘பகிர’ வேண்டியிருக்கவில்லை.

சரி, லா ஃபர்மில் என்ன செய்வது? என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் வந்து என்ன கேட்டாலும் தேதி, கேள்வி, எங்கே தேடினேன், எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்று அதில் எழுதிவைப்பேன். கடைசி விஷயம்தான் ரொம்ப உதவும், ஏனென்றால் கிடைக்காத இடத்தை யாரும் குறித்துவைப்பதில்லை, அடுத்தவரும் அதே கிணற்றில் இறங்கி வெறுங்கையோடு ஏறி வருவார். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு ஜூனியர் வந்து, ஒப்பந்தத்தில் ‘நியாயமான முயற்சி எடுப்பார்’ என்று மட்டும் இருந்தால் கோர்ட் அதற்கு என்ன பொருள் கொடுத்திருக்கிறது என்று கேட்டார். தீர்ப்புகளைத் தேடி எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. வியாழக்கிழமை வேறு பிரிவிலிருந்து இன்னொருவர், ஏறக்குறைய அதே கேள்வி. நோட்டைப் பிரித்தேன், பத்து நிமிடத்தில் கட்டு அவர் கையில்.

ஆனால் ‘உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் கேட்டுவிட்டார்’ என்று வாய் திறக்கவில்லை. தீர்ப்பு ஊருக்கே பொது, அதைத் தேடுகிறவரின் கட்சிக்காரர் யார் என்பது ரகசியம். இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே தகவல் தடுப்பு (ஒரு பிரிவின் விவரம் இன்னொன்றுக்குப் போகக்கூடாது என்ற ஏற்பாடு) போட்டிருந்தால், இப்படி ஒரு கேள்வி வந்தது என்று சொல்வதே தப்பாகிவிடும். ‘எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள்’ என்று ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் மறக்கிற இடம் இதுதான்.

அப்புறம், வக்கீல்களை எழுதச் சொல்லாதீர்கள். கேஸ் ஃபைல் மூடுகிற அன்று யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, எது சிக்கலாக இருந்தது, எந்த ஷரத்துக்கு எதிர்த் தரப்பு சண்டை போட்டது என்று கேட்டு, தானே எழுதிக்கொள்ளட்டும். இங்கிலாந்தில் பெரிய நிறுவனங்கள் பில் போடாத வக்கீல்களை இதற்கென்றே வேலைக்கு வைத்திருக்கின்றன. அவ்வளவு வசதி இல்லையென்றால், இந்த நேரத்தை எழுதிக்கொள்ள ஒரு கணக்கு எண்ணாவது கொடுங்கள், வருடக் கடைசியில் அதையும் எண்ணுங்கள். ஒவ்வொரு மாதிரி ஆவணத்திலும் தேதியும் பொறுப்பாளர் பெயரும் கட்டாயம் இருக்கட்டும். சட்டம் மாறியது தெரியாமல் பழைய மாதிரியை அப்படியே காப்பி அடிப்பதற்கு, மாதிரியே இல்லாமல் முதலிலிருந்து எழுதுவது எவ்வளவோ மேல்.

(விக்கி பற்றி ஒரு வார்த்தை. 1995ல் வார்ட் கன்னிங்ஹாம் அந்தப் பெயரை வைத்தபோது ஹவாய் மொழியில் ‘வேகம்’ என்று பொருள்படும் சொல்லைத்தான் எடுத்தார். எங்கள் நிறுவனத்து விக்கியில் ஒரு பக்கம் வெளியாக இரண்டு பார்ட்னர்கள் ஒப்புதல் தர வேண்டும்.)

இன்னொரு வேடிக்கை. கோர்ட்டில் எதிரெதிராக நிற்கும் நிறுவனங்களின் லைப்ரரியன்கள் ஒருவருக்கொருவர் புத்தகம் இரவல் கொடுத்துக்கொள்வார்கள். நானும் கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். கொடுத்த புத்தகம் திரும்பி வரும்போது அவர்கள் வைத்த அடையாளச் சீட்டுகள் சில சமயம் உள்ளேயே இருக்கும். உருவிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைப்பேன். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்த்ததில்லை.