வாசகர் கேள்வி – பதில்: இராக்கொக்கைப் படம்பிடித்தல்

கேள்வி: இரணைமடுக் குளக்கட்டில் நின்று, பொழுதுபடப் பறக்கும் இராக்கொக்குகளை 400 மி.மீ. லென்ஸில் எடுக்கிறேன். பறவை கறுப்பாகவே விழுகிறது, பாதிப் படங்கள் கலங்கல். என்ன பிழை? – வாசகர், கிளிநொச்சி

பதில்: மேற்கு வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கிறீர்கள். கமரா வானத்தை அளந்து பறவையை இருட்டாக்கிவிடுகிறது. மேற்கு முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று, எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) +1 வரை கூட்டுங்கள். வானம் வெளிறட்டும், சாம்பல் சிறகும் சிவந்த கண்ணும் அப்போதுதான் தெரியும்.

கலங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம். வன்னியில் பொழுது விரைவாக இருட்டும். சூரியன் மறைந்தபின் ஏறத்தாழ 20 நிமிடம்தான் வெளிச்சம் நிற்கும். பறக்கும் பறவைக்கு 1/1000 செக்கன் நல்லது. 1/500க்குக் கீழே சிறகு நுனி கரைந்துபோகும். லென்ஸ் துளை எஃப் 5.6இல், சூரியன் மறைந்து 10 நிமிடத்திலேயே 1/500க்கு ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளி உணர்திறன்) 6400 அளவில் தேவைப்படும். தயங்காமல் ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. ஏறிப் புள்ளி விழுந்த படத்தைக் கணினியில் ஓரளவு திருத்தலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. பின்னர் திருத்த வசதியாக 'ரோ' (RAW, கமரா பதப்படுத்தாத மூலக்) கோப்பாகவே எடுங்கள்.

அதற்கும் மேல் இருட்டினால் பறப்பதை விட்டுவிட்டு, நிற்பதைத் தேடுங்கள். துருசடியிலும் (மதகடியிலும்) குளம் நிரம்பி வான் பாயும் இடத்திலும் இராக்கொக்கு மீன் பார்த்து அசையாமல் நிற்கும். முக்காலியில் வைத்தால் 1/60 போதும். தொடராகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிரண்டு கூர்மையாக வரும். நீரோரம் மட்டும் இறங்காதீர்கள், நம் குளங்களில் முதலை உண்டு.

கேள்வி: பகலில் அவை அடையும் மருதமரம் ஒன்று தெரியும். இலைகளுக்குள் ஃபோகஸ் நிற்கவில்லை. இரவில் பிளாஷ் போடலாமா? – வாசகி, முல்லைத்தீவு

பதில்: வேண்டாம். இருளில் விரிந்த கண்ணைப் பிளாஷ் கூசவைக்கும். படத்திலும் கண் வெறும் ஒளிவட்டமாக விழும். பகலே மேல், அதிலும் மேகமூட்டமான பகல். வெயிலில் இலைநிழல் பறவைமேல் திட்டுத்திட்டாக விழுந்து படத்தைக் கெடுக்கும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். அதுவும் இலைக்குத் தாவினால் கையால் திருப்புங்கள். இருண்ட இலைகளின் நடுவே வெள்ளை மார்பு வெளிறிவிடாமல் எக்ஸ்போஷரை −0.7 குறையுங்கள்.

மரத்தடிக்குப் போகாதீர்கள். கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். கூடு இருந்தால் அந்த மரத்தையே விட்டுவிடுங்கள்: தாய் எழும்பினால் காகம் முட்டையைத் தூக்கிவிடும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நல்ல கோணத்துக்காகக்கூடப் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

கேள்வி: கட்டுக்கரைக் குளத்தில் பழுப்பு உடம்பில் வெளிர்ப் புள்ளிகளோடு ஒன்றை எடுத்தேன். குருட்டுக்கொக்கா? – வாசகர், மன்னார்

பதில்: இளம் இராக்கொக்காக இருக்கலாம். பறக்கும் படம் இருந்தால் பாருங்கள்: குருட்டுக்கொக்கு எழும்பினால் சிறகு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், இளம் இராக்கொக்கின் சிறகோ பழுப்புத்தான்.